விராலிமலை மட்டும் தெரிந்தது

டெஸ்ட் சிவப்பாக வந்தால் நான் கவலைப்படுவதில்லை. எந்த வரியில் இடறியது, என்ன எதிர்பார்த்தோம், என்ன கிடைத்தது என்று அதுவே சொல்லிவிடும். பச்சையாக வந்தால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். இரண்டும் இல்லாத ஒரு நிலை இருக்கிறது. விஎஸ் கோட் எடிட்டரின் இடது ஓரத்தில் இருக்கும் குடுவைப் படத்தை அழுத்துகிறோம். டெஸ்ட்டுகளின் பெயர்கள் வரிசையாக வர வேண்டிய இடம் வெறுமையாக நிற்கிறது. எழுதிய டெஸ்ட் எங்கே போனது, ஓடியதா, ஓடவில்லையா, எதற்கும் பதில் இல்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களை நிலைகுலைய வைப்பது இந்த வெறுமைதான். அனுபவசாலிகளையும் அது ஏமாற்றும். சிவப்பு எதுவும் இல்லை என்பதையே பச்சை என்று எடுத்துக்கொண்டு நிரலை வெளியே அனுப்பிவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். சென்னையில் இருந்தேன். 2020 ஊரடங்கில் புதுக்கோட்டைக்கு வந்தேன்; வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னதும் இங்கேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ ராஜ வீதிக்குப் பக்கத்தில் ஒரு தோழி வீட்டு மாடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பைத்தானும் டெஸ்ட் எழுதுவதும் சொல்லிக்கொடுக்கிறேன். கீரனூர், திருமயம், ஆலங்குடி பக்கமிருந்து பஸ் ஏறி வருவார்கள். பாதிப் பேர் கையில் இருப்பது அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டம் இந்தப் பக்கத்து வீடுகளில் முதல் கணினியைக் கொண்டுவந்து வைத்தது. அதை நான் அந்த மாடியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அங்கே அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: “அக்கா, டெஸ்ட் ஓடுதுக்கா. ஆனா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது.”

அடுத்து அவர்கள் செய்வதும் எப்போதும் ஒன்றுதான். எடிட்டரை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். அப்படியும் வரவில்லையென்றால் பைத்தானையும் தூக்கிவிட்டு மறுபடி போடுவார்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும். சிக்கல் மட்டும் அப்படியே இருக்கும். ஏனென்றால் தவறான அமைப்பு பெரும்பாலும் அவர்களுடைய புராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒரு சின்னக் கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. எடிட்டரை எத்தனை முறை நீக்கினாலும் அது அசையாது. எங்கள் வகுப்பில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு: அவுட்புட்டைப் படிக்காமல் எதையும் நீக்கக் கூடாது.

முடிவு திரையில் தெரிவதற்கு மூன்று பேர் ஒத்துழைக்க வேண்டும். டெஸ்ட்டை ஓட்டுகிற பைடெஸ்ட் ஒருவர். காட்டுகிற எடிட்டர் ஒருவர். நடுவில் இருப்பது நாம் எடிட்டரில் சேர்க்கும் பைத்தான் எக்ஸ்டென்ஷன். இந்த எக்ஸ்டென்ஷன் தன்னுடைய ஒரு பிளக்இன்னை பைடெஸ்ட்டுக்குள் அனுப்பிவைக்கிறது. அது ஒவ்வொரு டெஸ்ட்டின் பெயரையும் முடிவையும் ஜேசன் வடிவத்தில் எடிட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தேர்வு எழுதியாகிவிட்டது, தாளும் திருத்தியாகிவிட்டது, மதிப்பெண் பட்டியல் பள்ளிக்கு வந்து சேரவில்லை என்றால் பிள்ளை ஃபெயில் என்று யாரும் சொல்ல மாட்டோம். பட்டியல் எங்கே நின்றது என்று விசாரிப்போம். இங்கேயும் விசாரணை அதுதான். ஒரு வேறுபாடு உண்டு. சில நேரம் பட்டியல் நிற்பதில்லை, தேர்வே தொடங்கியிருக்காது.

சிவப்புக்கும் பச்சைக்கும் நம்மைப் பழக்கியது ஜேயூனிட். 1997-ல் ஊப்ஸ்லா மாநாட்டுக்காக சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சேர்ந்து அதை எழுதத் தொடங்கினார்கள். அதே எரிக் காமாதான் பிற்பாடு மைக்ரோசாஃப்டில் சேர்ந்து விஎஸ் கோட் உருவான குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஆனாலும் 2015-ல் வெளிவந்த அந்த எடிட்டரில் டெஸ்ட்டுகளுக்கென்று சொந்தமான ஒரு பொது அமைப்பு 2021 ஜூலைப் பதிப்பில்தான் முழுமை பெற்றது. அதுவரை ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தன் போக்கில் காட்டியது. இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பல பலிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். அமைப்புகளின் பெயர்களே நடுவில் மாறியிருக்கின்றன. பழைய பெயரைக் காப்பி பண்ணிப் போட்டால் எடிட்டர் சண்டை போடாது, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எந்த வருடத்து யோசனை என்று பார்க்காமல் எதையும் ஒட்டாதீர்கள் என்று பிள்ளைகளிடம் அலுக்காமல் சொல்கிறேன்.

அன்றாடம் வரும் காரணங்கள் எளியவை. கணினியில் பைத்தான் இரண்டு மூன்று இடத்தில் இருக்கும். பைடெஸ்ட்டை ஒன்றில் போட்டிருப்பார்கள், எடிட்டரின் கீழ் வரியில் தேர்வாகியிருப்பது வேறொன்று. டெர்மினலில் ஓடும், பலகத்தில் வராது. அவுட்புட்டில் பைத்தான் என்ற பிரிவைத் திறந்தால் பைடெஸ்ட் என்ற மாட்யூலே இல்லை என்று எழுதியிருக்கும். இன்னொன்று, புராஜெக்ட் ஃபோல்டரைத் திறக்காமல் அதற்கு மேலே இருக்கும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்திருப்பார்கள். உள்ளே இருக்கும் அமைப்புக் கோப்பு எடிட்டரின் கண்ணில் படாது. கோப்பின் பெயரும் முக்கியம். டெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் பெயரின் தொடக்கத்தில் அடிக்கோட்டோடு வர வேண்டும், அல்லது முடிவில் அடிக்கோட்டோடு வர வேண்டும். ‘வரி சோதனை’ என்று ஆங்கில எழுத்தில் ஆசையாகப் பெயர் வைத்தால் பைடெஸ்ட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டெர்மினலில் கையால் கொடுத்த சூழல் மாறிகள் எடிட்டர் தனியாகத் தொடங்கும் ஓட்டத்துக்குத் தெரியாது என்பதும் பலருக்குப் புதிய செய்தி. அதற்கென்று புராஜெக்ட்டில் ஒரு என்வ் கோப்பு வைத்தால் எக்ஸ்டென்ஷன் அதைப் படித்துக்கொள்ளும்.

டாட்நெட் உலகத்திலும் இதே கதைதான், ஆட்கள்தான் வேறு. என்யூனிட்டில் டெஸ்ட் எழுதிவிட்டு அதற்கான அடாப்டர் பேக்கேஜையும் மைக்ரோசாஃப்டின் டெஸ்ட் எஸ்டிகேவையும் சேர்க்காமல் விட்டால் புராஜெக்ட் பிழையில்லாமல் பில்ட் ஆகும், டெஸ்ட் எக்ஸ்புளோரரில் ஒன்றும் இருக்காது. அலுவலகத்தில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இதுபற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

விரிவாகச் சொல்ல வேண்டியது வட்டங்களின் பட்டியல் பற்றி.

வகுப்பில் ஒரு முகவரிப் படிவத்துக்கான நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். ஆள் தன் வட்டத்தின் பெயரைத் தமிழில் அடித்தால் அது நம் மாவட்டத்து வட்டமா என்று பார்க்க வேண்டும். எதற்கெடுத்தாலும் ஆங்கிலப் பெயரில் மாதிரி எழுதும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. நம் ஊர்ப் பெயர் தமிழில் உள்ளே போய்த் தமிழில் வெளியே வர வேண்டும். கீரனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அழகாகச் செய்திருந்தாள். மாவட்டத்தின் 12 வட்டங்களையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரிக்கு ஒன்றாக அடித்துவைத்தாள். முதலில் புதுக்கோட்டை, பிறகு ஆலங்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், கந்தர்வகோட்டை, இலுப்பூர், கறம்பக்குடி, குளத்தூர், மணமேல்குடி, பொன்னமராவதி, திருமயம், விராலிமலை. டெஸ்ட் கோப்பின் தலைப்பிலேயே அந்தப் பட்டியலைத் திறந்து படித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டெஸ்ட் உருவாகும்படி எழுதினாள். உபுண்டு ஓடும் என் கணினியில் பன்னிரண்டும் பச்சை. அவளுடைய விண்டோஸ் மடிக்கணினியில் ஒரு டெஸ்ட்கூட இல்லை. பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில், டெஸ்ட்டுகளைக் கண்டறிவதில் பிழை என்று ஒற்றை வரி.

“எனக்கு இதெல்லாம் வராதுக்கா” என்றாள்.

இந்த ‘வராது’ எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. என் அம்மா அப்போது கற்றவர். பொம்பளைக்கு சைக்கிள் வராது என்று தெருவே சொன்னபோது அவருக்குச் சொல்லிக்கொடுத்த அறிவொளித் தொண்டர் பதில் பேசவில்லையாம். விழுந்ததும், பெடல் எந்தப் பக்கம் இருந்தபோது விழுந்தீர்கள் என்று மட்டும் கேட்டாராம். அம்மா இப்போதும் கடைக்கு சைக்கிளில்தான் போகிறார்.

நானும் அந்தப் பெண்ணிடம் ஒன்றுதான் கேட்டேன்: “அவுட்புட்ல என்ன போட்டிருக்கு? சத்தமா படி.”

அவள் கீழிருந்து மேலாகப் படித்தாள். பைத்தான் பிழைச் செய்தியை அப்படித்தான் படிக்க வேண்டும். விஷயம் கடைசி வரியில் இருக்கும், இடம் அதற்கு மேலே இருக்கும். கடைசி வரி யுனிகோட் டிகோட் எரர் என்றது. சார்மேப் என்ற கோடெக்கால் 81 என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை, இடம் 5. அதற்குச் சற்று மேலே, பட்டியல் கோப்பைத் திறந்த வரி.

இரண்டு செய்திகள் அதில் இருந்தன. முதலாவது, டெஸ்ட் ஏன் தெரியவில்லை என்பது. டெஸ்ட்டைக் கண்டறிவது என்றால் கோப்பில் இருக்கும் பெயர்களைப் பொறுக்கியெடுப்பது மட்டும் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். பைடெஸ்ட் அப்படிச் செய்வதில்லை; கோப்பை முழுதாக இம்போர்ட் செய்கிறது. ஃபங்ஷன்களுக்கு வெளியே, தலைப்பில் எழுதிய எதுவும் அப்போதே ஓடிவிடும். அங்கே ஒரு பிழை என்றால் அந்தக் கோப்பிலிருந்து ஒரு டெஸ்ட்டும் பிறக்காது. எழுதியவள் தன் பன்னிரண்டு டெஸ்ட்டுகளைத் தேடுகிறாள். இயந்திரத்தைப் பொறுத்தவரை அவை இன்னும் இல்லவே இல்லை.

இரண்டாவது செய்தி அந்த 81. இதற்காக வெள்ளைப் பலகையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அந்த வருடத்தில் நான் எடுத்த வகுப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ப ஒரு குறி, அதன்மேல் ஏறும் உகரக் குறி இன்னொன்று. ஆகவே ‘பு’ ஆறு பைட். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஆறாவது பைட்டின் இடம் 5. உகரக் குறியின் கடைசி பைட் 81. அதாவது, கணினி நம் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைக்கூடத் தாண்டவில்லை.

ஏன் தாண்டவில்லை? கோப்பைத் திறக்கும்போது எந்த எழுத்துமுறை என்று சொல்லாவிட்டால், விண்டோஸில் பைத்தான் அந்தக் கணினியின் வழக்கமான முறையை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலம்–இந்தியா என்று அமைத்த விண்டோஸில் அது 1252 என்ற மேற்கு ஐரோப்பியப் பட்டியல். ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. ஆனால் அதில் ஐந்து இடங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. தமிழை அங்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். உகரக் குறியின் கடைசி பைட் 81. புள்ளியின் கடைசி பைட் 8டி. ஏ என்ற எழுத்துக்கு 8எஃப். ஐ என்ற எழுத்துக்கு 90. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் எத்தனை சொல் எழுத முடியும்?

அதைச் சோதித்தே பார்த்துவிடலாம் என்றேன். பட்டியல் கோப்பில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வட்டத்தை மட்டும் வைத்து ஓட்டினாள். புதுக்கோட்டை, ஒன்றும் தெரியவில்லை. ஆலங்குடி, இல்லை. அறந்தாங்கியில் புள்ளி, இல்லை. திருமயத்தில் உகரம், இல்லை. பிள்ளைகள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அடுத்த பெயரைச் சொல்லும் முன்பே ‘புள்ளி இருக்கு, வராது’ என்று ஒருவன் முன்கூட்டிச் சொல்லத் தொடங்கிவிட்டான். கடைசியாக விராலிமலை. குடுவைப் பலகத்தில் ஒரு டெஸ்ட் வந்து நின்றது.

12 வட்டங்களில் புள்ளியும் உகரமும் இல்லாத பெயர் அது ஒன்றுதான். டெஸ்ட் தெரிந்ததே தவிர, முடிவு சிவப்பு. பைட்டுகள் ஐந்து காலி இடங்களில் எதையும் தொடாமல் நழுவியதால் கோப்பு திறந்துவிட்டது. உள்ளே வந்த பெயரோ தலையில் கோடும் வட்டமும் போட்ட ஐரோப்பிய எழுத்துக் குப்பை. பிழை சொல்லி நின்ற பதினொன்றைவிட இந்த ஒன்று ஆபத்தானது என்று அவர்களிடம் சொன்னேன். பட்டியலில் விராலிமலை மட்டும் இருந்து, ஒப்பிட்டுப் பார்க்கும் டெஸ்ட்டும் இல்லாமலிருந்தால், அந்தக் குப்பை அப்படியே ஒரு தரவுத்தளத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

தீர்வு மிகச் சிறியது. கோப்பைத் திறக்கும் இடத்தில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று ஒரு வார்த்தை. அவள் அதை எழுதியதும் பன்னிரண்டும் வந்தன. பைத்தானுக்கு யுடிஎஃப்-8 முறையை மொத்தமாகப் போட்டுவிடும் வசதி 3.7 பதிப்பிலிருந்தே இருக்கிறது. பெப் 686 என்ற முடிவின்படி 3.15 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாகவும் ஆகிறது. விண்டோஸின் மொழி அமைப்புகளிலும் முழுக் கணினியையும் யுடிஎஃப்-8-க்கு மாற்றும் ஒரு தேர்வு உண்டு; அதை நான் பரிந்துரைப்பதில்லை, கணினியில் இருக்கும் வேறு பழைய மென்பொருள்கள் அதனால் உளறத் தொடங்கலாம். அரசு மடிக்கணினிகளில் பழைய பைத்தான் இன்னும் பல வருடம் ஓடிக்கொண்டிருக்கும். தமிழ்க் கோப்பைத் திறக்கிற ஒவ்வொருவரும் அந்த ஒரு வார்த்தையைக் கையால் எழுதிவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பன்னிரண்டும் வந்தன என்றேனே, எப்படி வந்தன என்று பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. டெஸ்ட்டின் பெயரோடு அது எடுத்துக்கொண்ட மதிப்பையும் சேர்த்துக் காட்டுவது பைடெஸ்ட்டின் வழக்கம். ஆங்கில எழுத்துகளுக்கு வெளியே எதைக் கண்டாலும் அதைக் குறியீட்டு எண்ணாக மாற்றித்தான் காட்டும். புதுக்கோட்டை என்ற சொல்லில் 12 குறிகள். ஒவ்வொன்றுக்கும் சாய்கோடும் எண்ணுமாக ஆறு எழுத்து. பலகத்தில் புதுக்கோட்டை 72 எழுத்து நீள எண்வரிசையாக நின்றது. பன்னிரண்டு வரியில் எது ஆலங்குடி, எது இலுப்பூர் என்று மனிதக் கண்ணால் பிரித்தறிய முடியாது. முடிவு தெரிகிறது, யாருடைய முடிவு என்று தெரியவில்லை.

இதை நிறுத்துவதற்கு பைடெஸ்ட்டில் ஓர் அமைப்பு உண்டு. அதன் பெயரே ஒரு முழு வாக்கியம்: டெஸ்ட் பெயர்களை எண்ணாக்குவதை நிறுத்து, சமூகத்தின் உதவி பெறும் உரிமை அனைத்தையும் விட்டுக்கொடு. இயங்குதளத்தையும் போட்டிருக்கும் பிளக்இன்களையும் பொறுத்து இதனால் பிழைகள் வரக்கூடும் என்பதற்காக அப்படி எச்சரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் புரிகிறது. ஆனால் தன் மொழியில் டெஸ்ட்டின் பெயரைப் படிக்க விரும்புகிற ஒரு மாணவி முதல் நாளே உதவி பெறும் உரிமையைத் துறந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டியிருப்பது நியாயமில்லை. நாங்கள் அதைப் போட்டுக்கொண்டோம். பலகத்தில் தமிழ் தெரிந்தது.

பிறகு நடந்தது, அந்த எண்வரிசைகளையும் நான் மதிக்கும்படி செய்தது. இன்னொரு மாணவன், தன் மாமாவின் டிடிபி கடையில் பல வருடம் முன்பு அடித்துவைத்திருந்த ஒரு முகவரிப் பட்டியலைக் கொண்டுவந்தான். பாமினி எழுத்துருவில் அடித்ததை ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கியிருந்தான். அதிலிருந்த வட்டப் பெயர்களை எங்கள் டெஸ்ட்டில் ஓட்டினோம். எட்டு பச்சை. நான்கு சிவப்பு: புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை, ஆவுடையார்கோயில், பொன்னமராவதி.

சிவப்பை அழுத்திப் பார்த்தால், எதிர்பார்த்தது புதுக்கோட்டை, கிடைத்தது புதுக்கோட்டை. இரண்டும் ஒன்றே. எடிட்டர் பொய் சொல்கிறது என்றான் பையன். மறுபடி இன்ஸ்டால் பண்ணட்டுமா என்று ஒருவன் கேட்டே விட்டான்.

நான்கு பெயர்களையும் பலகையில் எழுதி, மற்ற எட்டில் இல்லாதது இவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கீரனூர்ப் பெண்தான் பிடித்தாள்: “கோ, கோ, கோ, பொ. நாலுலயும் முன்னாடி கொம்பு, பின்னாடி காலு.”

அதுதான். பாமினி போன்ற பழைய முறைகளில் ‘கோ’ அடிக்க முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால் என்று மூன்று விசைகள். யுனிகோடில் ஓகாரத்துக்குக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி இருக்கிறது. கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தாலும் திரையில் அதே ‘கோ’தான் தெரியும். மாற்றி எழுதியவர் தனித்தனியாகவே விட்டுவிட்டிருக்கிறார். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எண்ணாக்கும் அமைப்பைத் திரும்பப் போட்டு ஓட்டினோம். பட்டியலின் புதுக்கோட்டையில் 12 எண்கள், பையன் கொண்டுவந்த புதுக்கோட்டையில் 13. படிக்க முடியாது என்று நான் குறைப்பட்டுக்கொண்ட அந்த நீள வரிதான், தமிழில் காட்டியபோது மறைந்துபோன வேறுபாட்டைக் காட்டியது. இப்போது இரண்டையும் வைத்திருக்கிறோம்: அன்றாடம் தமிழில், சந்தேகம் வந்தால் எண்ணில்.

பைத்தான் மாறிகளின் பெயர்களை மட்டும் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரங்களைத் தொடாது. அதை நாம்தான் செய்ய வேண்டும். யுனிகோட்டேட்டா என்று கூடவே வரும் மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன், என்எஃப்சி என்ற வடிவம். உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை அதன் வழியாக அனுப்பினோம், நான்கும் பச்சையாயின. அன்றே ஒரு கேள்வியும் வந்தது: புதுக்கோட்டைக்கு ஆறு எழுத்துதானே, நிரல் ஏன் 12 என்கிறது? பு, து, க், கோ, ட், டை என்று நாம் எண்ணுவதுபோல் எண்ண முத்து அண்ணாமலை தொடங்கிவைத்த ஓபன்-தமிழ் நூலகம் இருக்கிறது. எழுத்துகளைப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் அதில் உண்டு. படிவத்தில் பெயரின் நீளத்தைச் சரிபார்க்கும் இடத்தில் அதைப் போட்டுவிட்டோம்.

இவ்வளவுக்குப் பிறகும், அந்தப் பையனின் பட்டியலை முழுதாக ஓட்டியபோது சில முகவரிகள் சிவப்பாக வந்தன. அவுட்புட்டைத் திறந்தார்கள், குறையொன்றும் இல்லை. எண்ணாக்கிப் பார்த்தார்கள், குறிகள் ஒழுங்காகவே இருந்தன. ஆவுடையார்கோயில் என்பது எங்கள் பட்டியல். அந்த முகவரிகளில் ஆவுடையார்கோவில். மாவட்டத்தில் இரண்டையும் எழுதுகிறார்கள். பஸ் பலகையில் ஒன்று, கல்யாணப் பத்திரிகையில் மற்றொன்று. எந்த நார்மலைஸ் ஃபங்ஷனாலும் இதைத் தீர்க்க முடியாது. அந்தச் சிவப்பு சரியான சிவப்பு.

இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாமா, ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடலாமா என்று மாடியில் பெரிய வாக்குவாதம். மணமேல்குடிப் பக்கத்துப் பையன், எங்கள் வீட்டில் கோவில் என்றுதான் எழுதுவோம், படிவம் அதைத் திருத்தக் கூடாது என்று பிடிவாதமாக நின்றான். கடைசியில் ஒவ்வொரு வட்டத்துக்கும் வழக்கில் உள்ள எழுத்து வடிவங்களை வரிசையாக வைக்கும் இரண்டாவது கோப்பு ஒன்றைத் தொடங்கினோம். அந்தக் கோப்பைத் திறக்கும் வரியில் கீரனூர்ப் பெண் என்கோடிங்கை முதலிலேயே எழுதிவிட்டாள். அடுத்து மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களின் பெயர்கள் சேர வேண்டும். குன்றாண்டார்கோவில் வருகிறது, அதே வாக்குவாதம் இன்னொரு முறை நடக்கும்.